சிசோம்பாவைக் காப்பாற்றிய அறுபது வடிகட்டிகள்

மனித குலத்தின் தாகம் தணிக்க விமானம் ஏறிய உத்தமர்களின் வரலாறு என்றைக்காவது எழுதப்பட்டால், அதில் சிசோம்பா கிராமத்துக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஒரே ஆண்டில் மூன்று முறை 'காப்பாற்றப்பட்ட' ஊர் மலாவியில் வேறு கிடையாது. முதல் முறை கை கழுவக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் முறை அதையே பாட்டாகக் கற்றுக்கொடுத்தார்கள். கழுவத் தண்ணீர்தான் இல்லை.

இந்தப் பெருமையின் அருமை தண்ணீர்க் குழுத் தலைவி எனிஃபாவுக்கு மட்டும் விளங்கவில்லை. ஊர் அடிபம்பு எட்டு மாதமாக நின்றுகிடந்தது. உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். எல்லாரும் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். அவளுடைய கடைசி மகள் தியமிகே வயிற்றுப்போக்கில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். மூன்றாவது முறை பிழைப்பாளா என்று எனிஃபாவுக்கு நிச்சயமில்லை. வாஷர் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு நடந்தாள். அதிகாரி பொறுமையாக விளக்கினார்.

"உங்க ஊரு வடிகட்டித் திட்டத்துல இருக்கும்மா. பம்பைச் சரி பண்ணிட்டா, வர்றவங்க எதை வடிகட்டுவாங்க?"

வந்தார்கள். ஏழு வெளிநாட்டுத் தொண்டர்கள், அறுபது வடிகட்டி வாளிகள், தங்கள் சொந்தத் தாகத்துக்குப் பன்னிரண்டு பெட்டி பாட்டில் தண்ணீர். அவர்களின் தலைவி கிறிஸ்டா நல்ல பெண்; வண்டியை விட்டு இறங்கும்போதே கண்கலங்கினாள். என்ன தேவை என்று எனிஃபாவிடமே கேட்டாள். மொழிபெயர்க்க உள்ளூர்த் திட்ட அலுவலன் இன்னொசென்ட் நின்றான்.

"ஒரே ஒரு வாஷர் போதும்மா. உள்ளங்கை அளவு. பம்பு ஓடிரும்."

"ரொம்ப நெகிழ்ந்து போயிட்டாங்களாம்," என்றான் இன்னொசென்ட் ஆங்கிலத்தில். "அறுபது பத்தாதாம். நூறு வேணுமாம்."

எனிஃபா ஏழாம் வகுப்பு வரை படித்தவள். 'நூறு' காதில் விழுந்துவிட்டது.

"அட பாவி! நான் எப்படா நூறு கேட்டேன்?"

"சும்மா இரு அக்கா. வாஷர் குடுக்கவெல்லாம் யாரும் விமானம் ஏறி வரமாட்டாங்க."

பிறகு செயல்முறை விளக்கம். கலங்கல் தண்ணீர் ஊற்றினால் புது வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால், கிறிஸ்டா பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். கீழே சுத்தமான தண்ணீர் வந்தது! ஊரே கைதட்டியது.

எனிஃபா கைதட்டவில்லை. வாளியின் அடியில் இருந்த ரப்பர் வாஷரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியதும் இரண்டு வாளிகளின் வாஷரைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பம்பில் மாட்டினாள். பத்து அடி அடித்ததும் தண்ணீர் பீறிட்டது. எனிஃபா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அதன்பின் நான்கு மாதம் தியமிகே ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் மாதம் 'வெற்றி ஆய்வு' நடத்தத் தொண்டர்கள் திரும்பி வந்தார்கள். ஐம்பத்தெட்டு வடிகட்டிகள் புத்தம் புதிதாக இருந்தன. இரண்டு குறைபட்டிருந்தன.

"ஐயோ, இது நன்கொடை குடுத்தவங்களோட கனவு!" என்று கிறிஸ்டா மூக்கை உறிஞ்சினாள். "அறுபதும் முழுசா இருந்தாத்தான் 'வெற்றிக் கிராமம்'னு எழுத முடியும்."

"வாஷரைக் குடுத்துரு அக்கா," என்று இன்னொசென்ட் கெஞ்சினான். "இல்லேன்னா பட்டியல்ல இருந்து ஊர் பேரையே அடிச்சுருவாங்க."

"அடிச்சா அடிக்கட்டும்! எம்புள்ளை உயிரு பெருசா, உங்க பட்டியல் பெருசா?"

ஊர்த் தலைவர் குறுக்கிட்டார். "குடுத்துரும்மா. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத் தர்றதா சொல்லியிருக்காங்க."

தலைவர் சொல்லே சொல். டிரைவர் ஸ்பானரோடு இறங்கினான். வாஷர்கள் மரியாதையுடன் வாளிகளுக்குத் திரும்பின. பம்பு ஒருமுறை இருமி நின்றது. அறுபது வடிகட்டிகளும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டன.

கடைசியாக, கிறிஸ்டா எனிஃபாவைக் கேமரா முன் நிறுத்தினாள். "வடிகட்டி எப்படி வேலை செய்யுது? நீங்களே சொல்லுங்க."

"ரொம்ப நெகிழ்ந்து போயிட்டாங்களாம்..." என்று இன்னொசென்ட் முந்திக்கொண்டான்.

எனிஃபா அவனை ஒதுக்கிவிட்டு, தன் ஏழாம் வகுப்பு ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"பிரமாதமா வேலை செய்யுதும்மா. தண்ணியைத் தனியா பிரிச்சு எடுத்துட்டு, அழுக்கை மட்டும் எங்களுக்கு விட்டு வச்சிருக்கு."