வெப்பமண்டலத்துக்கு வந்து சேர்ந்த தேதி

விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வி மிகச் சாதாரணமானது: 'வெப்பமண்டலத்துக்கு வந்து சேர்ந்த தேதி.' நான் என் பிறந்த தேதியை எழுதினேன். மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மலாவி ஏரிக்கரையில் பாதிப் பேருக்குச் சிறுநீரில் ரத்தம் போகும். மீன் பிடிக்கும் என் அண்ணன் லுசுங்குவுக்கும் எனக்கும் அப்படித்தான். அந்த நோயைப் பரப்பும் நத்தைகளைப் பல்கலைக்கழகத் தொட்டிகளில் வளர்த்து ஆராய்ந்துவந்தேன். வெப்பமண்டல நோய் ஆராய்ச்சி உதவித்தொகை ஆண்டு முடிவுக்குள் கிடைக்காவிட்டால் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

உதவித்தொகை அலுவலகம் வடக்கே, பனி பெய்யும் ஊரில் இருந்தது. அங்கிருந்து ஹெல்கா அம்மையார் தொலைபேசியில் அழைத்தார்.

"வந்த தேதியைக் கேட்டோம். பிறந்த தேதிய எழுதியிருக்கீங்க."

"பிறந்துதாம்மா வந்தேன்."

"எங்கேருந்து?"

"எங்கம்மா வயித்துலேருந்து."

"அது எந்த மண்டலம்?"

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது. "அதுவும் வெப்பமண்டலந்தாம்மா."

"அப்போ நீங்க வரவே இல்லியே! வராதவங்களுக்கு வெப்பமண்டல அனுபவம் எப்படிம்மா இருக்கும்?"

ஒருமுறை வெளியேறி மீண்டும் உட்புகுவது பரிந்துரைக்கப்படுவதாகக் கடிதம் வந்தது. விசா கேட்டுப் போனேன். உதவித்தொகை கிடைத்த கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு கடிதம்: "தங்களைத் தேர்ந்தெடுக்க இயலாததற்கு வருந்துகிறோம். மருத்துவச் சான்றுக்காகத் தாங்கள் அனுப்பிய சிறுநீர் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. புதிய மாதிரிகள் தேவைப்படுவதால், அவற்றுடன் தாங்களும் வந்து பதினான்கு வாரம் தங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டே நாளில் விசா வந்தது.

சிமா என்னும் மக்காச்சோளக் களி உருண்டையை மீன் குழம்பில் தோய்த்தபடி, நான் வாசித்த கடிதத்தை லுசுங்கு கேட்டான்.

"இருபது வருஷமா நானுந்தான் தினம் போறேன், தங்கச்சி. எனக்கு ஒருத்தனும் டிக்கெட் அனுப்பலியே!"

"நீ விண்ணப்பம் போடலியே, அண்ணே."

"ஒண்ணுக்குப் போகவுமா விண்ணப்பம்?"

"நத்தைங்களுக்கு மறக்காம கீரை போடு."

பதினான்கு வாரம் பனியைப் பார்த்துக்கொண்டு, கேட்டபோதெல்லாம் கேட்டதைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் தேதியோடு முத்திரை குத்தினார்கள். அந்தத் தேதியை ஏழாவது கேள்விக்கு எழுதி அனுப்பினேன். மறு வாரமே உதவித்தொகை கிடைத்தது. தொட்டிகள் தப்பின. அவற்றுக்குள் கையை விட்டுக் கீரை போட்ட லுசுங்குவுக்கு நோய் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

உதவித்தொகை பெறுபவர்கள் அடுத்த ஆண்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு வந்த முதல் விண்ணப்பம் இதே ஏரியில் உள்ள லிகோமா தீவிலிருந்து, ஒரு இளம்பெண்ணுடையது. ஏழாவது கேள்விக்குப் பிறந்த தேதியை எழுதியிருந்தாள்.

மூன்று முறை சரிபார்த்தேன். சிவப்புப் பேனாவால் எழுதினேன்: "வந்து சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை."

மனசு கேட்கவில்லை. அதன் கீழே சின்னதாக எழுதினேன்: "சிறுநீரை அனுப்பிப் பார்க்கவும்."