தார்ப்பாய் நனையக் கூடாது

மனிதரில் தார்ப்பாய்க் காவலர் என்றொரு வகை உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. லோரியில் சரக்கு ஏறி, கயிறு கட்டி, டிரைவர் உட்கார்ந்த பிறகும் கிளம்பாமல், எல்லாரும் ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அவர்தான். மேலே மூடுவதா, வேண்டாமா? அதைச் சொல்லும் அதிகாரம் உலகத்தில் அவர் ஒருவருக்கே உண்டு. அவரோ உள்ளங்கையை வானத்துக்கு நீட்டுவார். காற்றை மோந்து பார்ப்பார். ஒரு கண்ணைச் சுருக்குவார். பிறகு, "பார்க்கலாம்" என்பார்.

பார்ப்பதோடு சரி.

எங்களுக்கு வாய்த்தவர் ஆபீஸ் கணக்குப்பிள்ளை பரஞ்சோதிக் கிராணி. கெடாவில், பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஸ்டோரும் பங்கீடும் அவர் கையில். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் தொரை காரேறிப் போனபோது விட்டுப்போனவற்றில் ஒரு நாயும் ஒரு புதுத் தார்ப்பாயும் அடக்கம். நாய் யாரோடோ போய்விட்டது. தார்ப்பாயைக் கிராணியார் வளர்த்தார். சாக்கைக் கட்டிக்கொண்டு சனங்கள் வேலைக்குப் போன காலம் அது. தார்ப்பாய்க்கு மட்டும் வெள்ளைத் துணியில் உறை இருந்தது.

"தொரை திரும்பி வந்து கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?" என்பார்.

அதை விரிப்பதற்கு அவர் வகுத்த விதிகள் எளியவை. வெயிலில் விரித்தால் ரப்பர் பூச்சு இளகும். மழையில் விரித்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலும் மழையும் இல்லாத நாளில் அது எதற்கு?

ஆக, கெடாவில் அந்தத் தார்ப்பாய்க்குத் தகுந்த வானிலை கிடையாது.

ஒருநாள் ஜப்பான்காரன் ஆபீசுக்காகக் காய்ந்த மரவள்ளிச் சீவல் சுங்கை பட்டாணி டவுனுக்குப் போயிற்று. மூட்டைகளின் மேல் என் அம்மா அழகம்மா. மலேரியாக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி இல்லை. பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் பொருத்திய கரியடுப்பின் வாயுவில் ஓடிய லோரி அது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளப் பட்டறையில் வேலை பார்த்த நானும் பின்னால் ஏறியிருந்தேன். கிராணியார் முன்னால், டிரைவர் முனியாண்டிக்குப் பக்கத்தில். அவர் மடியில் தார்ப்பாய். எந்தச் சரக்கு போனாலும் அதுவும் கூடவே போகும். மடித்தபடியே.

கிளம்பும் முன் முனியாண்டி தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"ஐயா, ஜெராய் மலை உச்சியே தெரியல. போட்டுக் கட்டிரலாமா?"

"அது மலைக்கு அந்தாண்ட, யான் ஊர்ப் பக்கம் போற மழைலா. உனக்கு லோரி ஓட்டத் தெரியும். வானத்தையும் நீதான் ஓட்டுறியா?"

அம்மா மேலிருந்து குரல் கொடுத்தார். "ஐயா, எனக்கு வேணாங்க. கிழங்குக்குப் போடுங்க. நான் அது அடியில ஓரமா படுத்துக்குறேன்."

"ஏன் அழகம்மா, நீ என்ன உப்பா, கரைஞ்சு போக?"

முனியாண்டி சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தார்.

பீடோங் கடைத்தெரு தாண்டியதும் மழை கொட்டியது. அடுப்பு நனைந்து லோரி நின்றது. நான் குதித்து முன்னால் ஓடி, தார்ப்பாயைக் கேட்டேன். இந்த இடத்தில்தான் இந்த வகை மனிதரின் அறிவு உச்சத்தைத் தொடும்.

"எல்லாம் நனைஞ்சாச்சே தம்பி. இதையும் எதுக்கு நனைக்கணும்?"

ஏன் பிடுங்கவில்லை என்கிறீர்களா? எங்கள் பங்கீட்டு அரிசியை அளப்பதும் அதே கைதான். என் சட்டையைக் கழற்றி அம்மா மேல் போட்டேன். சாக்குச் சட்டை. தண்ணீரைக் குடித்துக் கனத்தது.

சீவல் கூழாகிவிட்டதென்று ஜப்பான்காரன் கிராணியாரைக் கன்னத்தில் அறைந்தான். அறை வாங்கிக்கொண்டே அவர் உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அந்த வாரமே போய்விட்டார். உப்பு அல்லாதவர்களும் கரைவார்கள் என்பது கிராணியாரின் விதிகளில் இல்லை.

புதைக்கும்போது கிராணியார் வந்தார். கக்கத்தில் தார்ப்பாய். கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை. குழிக்குள் தூறல் விழுந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் உள்ளங்கையை நீட்டினார்.

"தூறல்தான்" என்றார்.

சண்டை முடிந்து தொரை திரும்பி வந்தார். கிராணியார் உறையை அவிழ்த்து, ஸ்டோர் வாசலில் தார்ப்பாயை முதன்முறையாக விரித்தார். ரப்பர் பூச்சு வருஷக்கணக்கில் மடிந்தே கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் மடிப்போடு கிழியும். கிழிந்தது. வெயிலும் மழையும் செய்ய முடியாததைப் பாதுகாப்பு செய்து முடித்திருந்தது. தொரை அதைப் பூட்ஸ் முனையால் தள்ளினார். கப்பலில் புதிது வருகிறது, இதைத் தூக்கிப் போடு என்றார்.

பாவம் கிராணி என்று நினைக்கிறீர்கள். நினையுங்கள். உங்கள் அலமாரியிலும் ஏதாவது மடித்தபடி இருக்கும். விருந்தாளி வந்தால் எடுக்கலாமென்று வைத்த கம்பளியாகக்கூட இருக்கலாம். வீட்டில் யாராவது குளிருகிறது என்றால் உடனே எடுத்துப் போர்த்துகிறீர்களா? இல்லை, முதலில் சன்னலுக்குப் போய் உள்ளங்கையை வெளியே நீட்டுகிறீர்களா?

நீட்டுகிறவர் என்றால், கிராணியாரே, ஒன்றே ஒன்று. அது யான் ஊர்ப் பக்கம் போகிற மழை இல்லை.