கனடாவைப் பர்ஸில் வைத்திருப்பவர்

கனடாவாதி என்று ஓர் இனம் உண்டு. அவரைக் கனடாவில் தேடாதீர்கள். அங்கே எல்லாருமே கனடாக்காரர்கள், யாரிடம் போய் வாதிடுவது? அவரைப் பார்க்க நியூசிலாந்தில் எங்கள் ஓக்லாந்துக்குத்தான் வரவேண்டும். ஏதாவதொரு பிறந்தநாள் வீட்டுக்குப் போங்கள். ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், எதிரே நிற்கிற நாலு பேரும் தப்பிப் போக முடியாதபடி கதவை மறைத்துக்கொண்டு, "அமெரிக்கன் மனுசன்ரை நோய் வருத்தத்தையும் யாவாரமாக்கிப் போட்டான்" என்று ஒருவர் தொடங்குவார். அவர்தான்.

நான் அறிந்த கனடாவாதி ஒனிஹங்காவில் இருக்கிற இராசநாயகம். ரொறன்ரோவில் ஆறு வருடம் இருந்துவிட்டு 1992இல் இங்கே வந்தவர். ஆறு வருடத்தில் ஒரு நாட்டைப் பற்றி எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம். இராசநாயகம் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டார்: கனடா அமெரிக்கா இல்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் கதைப்பார். இடையில் தேத்தண்ணி குடிப்பார்.

அமெரிக்காவில் தேர்தல் என்றால் மனுசனுக்குச் சாப்பாடு இறங்காது. எந்த மாநிலத்தில் யாருக்கு எத்தனை இடம், எந்த மருந்துக் கம்பனி எந்தக் கட்சிக்கு அள்ளிக் கொடுத்தது, எல்லாம் விரல் நுனியில். எங்கள் தொகுதி எம்.பி. யார் என்று ஒருநாள் கேட்டேன். "அது சின்ன விசயம்" என்றார். 1996இல் நியூசிலாந்து முழுவதும் புது முறையில் வாக்குப் போட்டுவிட்டு, யார் ஆளப்போகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு மாதம் முழித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆளோ அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு மசோதா நிறைவேறுமா நிறைவேறாதா என்ற கவலையில் மெலிந்துபோனார்.

முதலாளித்துவம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு மேலெல்லாம் கடிக்கும். அப்படியானால் வீட்டுக் கராஜுக்குள் இரண்டு கட்டிலைப் போட்டு இரண்டு மாணவர்களிடம் வாடகை வாங்குகிறாரே, அது என்ன? அது முதலாளித்துவம் இல்லையாம். ஒத்தாசையாம்.

ஓக்லாந்தின் வடகோடியில், ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பழனிவேல் திருச்சிக்காரர். மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார்.

"கனடா அவ்ளோ நல்ல நாடுன்னா ஏன் சார் விட்டுட்டு வந்தீங்க?"

"குளிர்" என்றார் இராசநாயகம். "குளிரைத் தவிர அங்கை ஒரு குறையும் இல்லை."

பிறகு பர்ஸை எடுத்தார். இது கட்டாயம் வரும் கட்டம். பர்ஸைத் திறந்தால் பிளாஸ்டிக் உறைக்குள் சிவப்பும் வெள்ளையுமாக ஓர் அட்டை தெரியும். அவர் இருந்த மாகாணம் கொடுத்த ஆஸ்பத்திரி அட்டை. அது செல்லாமல் போய் எத்தனையோ வருடம். சாமி படம் காட்டுவதுபோல ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் பிடிப்பார். உறைக்கு வெளியே எடுக்கமாட்டார், தொடவும் விடமாட்டார்.

"இது ஒண்டைக் காட்டினால் காணும். வேறை ஒண்டும் தேவையில்லை. மந்திரி எண்டாலும் ஒண்டுதான், கோப்பை கழுவிறவன் எண்டாலும் ஒண்டுதான். எல்லாருக்கும் ஒரே வரிசை. அமெரிக்காவிலை எண்டால், காசு இல்லாதவன் வாசல்லை கிடந்து சாகவேண்டியதுதான்."

இதில் எனக்கு எரிச்சல் என்ன தெரியுமா? மனுசன் சொல்வதில் பெரிதாகப் பிழை பிடிக்க முடியாது. ஒரே வரிசை நல்ல விசயம்தானே. இங்கேயும் அந்தக் காலத்தில் அரசாங்கம் ஆஸ்பத்திரிகளைக் கடை மாதிரி நடத்தப் பார்த்து, பிறகு அதிலிருந்து பின்வாங்கி, ஒரே குழப்பமாகத்தான் இருந்தது. ஆகவே நாங்கள் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு தலையாட்டினோம்.

அந்த வரிசையில் உண்மையாகவே நின்றவர் அவருடைய மனைவி குணவதி.

குணவதி அக்காவுக்கு மங்கரேயில் வேலை, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில். எட்டு மணித்தியாலம் நின்ற நிலை. 1995இல் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தார்கள். ஆறு மாதத்துக்கொரு கடிதம் வரும்: உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, நிலைமை மோசமானால் உங்கள் வைத்தியருக்கு அறிவிக்கவும். அந்தக் கடிதங்களை இராசநாயகம்தான் உரத்து வாசிப்பார். "பாத்தீரே, மறக்கேல்லை" என்பார். அக்கா வலிக்குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இடுப்பு நோகத் தொடங்குவதற்கு முந்திய வருடம் அந்தச் சமையற்கூடத்தில் விருப்பமானவர்களுக்கு, தனியார் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் மருத்துவக் காப்புறுதி தருகிறோம் என்று படிவம் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இராசநாயகம் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உது அமெரிக்கன்ரை வேலை" என்றார். அவரே உட்கார்ந்து ஒரு மறுப்புக் கடிதம் எழுதினார். ஆரோக்கியம் விற்பனைப் பொருள் அல்ல என்று அதில் ஒரு வசனம். அக்கா கையெழுத்துப் போட்டார். கூட வேலை செய்த லச்மி தன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். லச்மிக்கு முழங்கால் அறுவை முடிந்து, இப்போது பேரப்பிள்ளையோடு பூங்காவில் ஓடித்திரிகிறார்.

1997இல் இராசநாயகத்துக்குப் பித்தப்பையில் கல். இரண்டு தரம் வலி வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் செல்லும் என்றார்கள். ஐந்து மாதமா? ஒன்பதாம் நாள் மனுசன் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். அவரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான், ஏனென்றால் மயக்க மருந்து கொடுத்தபின் கார் ஓட்டக்கூடாது.

"டொக்டர் அவசரமெண்டு அனுப்பினவர்" என்று காரில் இரண்டு தரம் சொன்னார். நாங்கள் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

உள்ளே போகுமுன் மோதிரம், மணிக்கூடு, பர்ஸ் மூன்றையும் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். நல்ல புருஷர்கள் எல்லாரும் செய்கிற காரியம். அவரைத் தாதி கூட்டிக்கொண்டு போன பிறகு, வரவேற்பு மேசையில் இருந்த பெண் எங்களைக் கூப்பிட்டாள். படிவத்தில் காப்புறுதி இலக்கம் விளங்கவில்லை, அட்டையைப் பார்க்கலாமா என்றாள். அப்படி ஒன்றும் இல்லையே என்று சொல்லிக்கொண்டே அக்கா பர்ஸைத் திறந்து சிவப்பு வெள்ளை அட்டையை இழுத்தார். அதற்குப் பின்னால் நீல நிறத்தில் இன்னொன்று இருந்தது.

"இதுதான்" என்று அந்தப் பெண் சந்தோஷமாக இலக்கத்தை எழுதினாள்.

அக்கா நீல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரே ஒரு பெயர். தானும் அதில் இருக்கிறேனா என்று மெதுவாகக் கேட்டார். அவள் திரையில் பார்த்துவிட்டு இல்லை என்றாள். மூன்று வருடமாக அவர் மட்டும்தானாம், அலுவலகத்தில் தனி ஆளாகச் சேர்ந்தாராம். அக்கா இரண்டு அட்டைகளையும் முன்பிருந்த ஒழுங்கிலேயே திருப்பிச் செருகினார். எனக்கு அந்த நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆத்திரமும் வந்தது. ஆனாலும் போய் இரண்டு கோப்பி வாங்கிவந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

மூன்று கிழமை கழித்து என் மகளுக்குப் பிறந்தநாள். வயிற்றில் நாலு சின்ன ஓட்டையோடு இராசநாயகம் புதுமாப்பிள்ளை மாதிரி வந்தார். ரோல்ஸ் தட்டு, கதவு, நாலு பேர். பழனிவேலும் அகப்பட்டுக்கொண்டார். பேச்சு அமெரிக்காவைச் சுற்றிக் கனடாவுக்கு வந்தது. பர்ஸ் வெளியே வந்தது.

"இது ஒண்டைக் காட்டினால் காணும்..."

"வெளியாலை எடுத்துக் காட்டுங்கோவன்" என்றார் குணவதி அக்கா. வேலையில் நின்று களைத்த இடுப்போடு கதிரையில் இருந்தார். குரல் உயரவில்லை. "பின்னாலை இருக்கிறதையும் காட்டுங்கோ."

இராசநாயகம் பர்ஸை மடிக்கப் பார்த்தார். பழனிவேல் அவர் கையிலிருந்து பர்ஸை மெல்ல வாங்கி, முன்னால் இருந்ததை இழுத்துவிட்டுப் பின்னால் இருந்ததை வாசித்தார்.

"சார், இதுல உங்க பேரு மட்டும்தானே இருக்கு?"

"அது... ஒஃபிசிலை எல்லாரும் சேந்தவை. குடும்பத்துக்கு எண்டால் கூடக் கட்டவேணும். நான் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். குணம், அடுத்த கிழமையே உம்மையும் சேத்துவிடுறன்."

"நான் வேலையிலை இடைவேளைக்குள்ளை போன் பண்ணிக் கேட்டுப்போட்டன். இப்ப சேந்தால் இடுப்புக்குத் தரமாட்டினமாம். முந்தியே இருந்த வருத்தமாம்." அக்கா தன் தட்டைப் பக்கத்தில் வைத்தார். "பரவாயில்லை, நான் வரிசையிலையே நிக்கிறன். வரிசை நல்லதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இனி எங்கடை வீட்டிலை சாப்பாட்டுக்கும் வரிசைதான். உங்கடை பேர் பட்டியல்லை இருக்கு. நிலைமை மோசமானால் அறிவியுங்கோ."

பழனிவேல் இருமினார். அன்றிலிருந்து சில மாதம் இராசநாயகம் ஒனிஹங்காக் கடைகளில் மீனும் சிப்ஸும் வாங்கித் தின்று திரிந்ததைப் பலர் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் குளிர்காலத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் அக்காவின் முறை வந்தது. அருமையாகச் செய்துவிட்டார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. இப்போது வேகமாக நடக்கிறார், இராசநாயகத்துக்கு எப்போதும் நாலடி முன்னால். அவர் பின்னால் வந்துகொண்டு, "நான் சொன்னன்தானே, ஒரே வரிசை" என்று எல்லாரிடமும் சொல்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. இராசநாயகம் மாதிரி நாலு பேரை உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கு இதை வாசிக்கக் கொடுக்கவேண்டும் என்றும் நினைக்கிறீர்கள். கொடுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன ஆலோசனை. ஆஸ்பத்திரிக்குள் போகும்போது மோதிரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுங்கள், மணிக்கூட்டைக் கொடுங்கள். பர்ஸைக் கொடுக்குமுன், முதல் அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்த அன்றே நான் என்னுடையதைப் பார்த்துவிட்டேன். என் மனைவி இன்னும் பார்க்கவில்லை.