சதுரங்கத்துக்கு வேர்த்த கதை

ஒரு காட்டில், டவர் சிக்னல்கூட உள்ளே வரப் பயப்படும் அடர்ந்த காட்டில், சாவகாசன் என்றொரு தேவாங்கு இருந்தது. சதுரங்கத்தில் அதை அடிக்க அந்த மலையில் ஆளில்லை. ஒரு காயை நகர்த்த அது யோசிக்கிற நேரத்தில் எதிராளி சாப்பிட்டு, தூங்கி, எழுந்து வந்து தோற்றும் போகலாம்.

இருந்து என்ன? குடியிருந்தது முள் நிறைந்த சூரைப்புதரில். அனைத்து வன விளையாட்டு விழாவில் தங்கம் வாங்கினால்தான் ஆற்றங்கரை மருத மரத்தில் பொந்து ஒதுக்குவார்கள். விழாவிலோ சதுரங்கம் கிடையாது.

"ராஜா எங்க பத்திரமா நிக்கணும்னு பொழுதுக்கும் யோசிக்கிறீங்க. குட்டி பொறந்தா எங்க படுக்கும்னு எப்ப யோசிப்பீங்க?" என்றது அதன் மனைவி துரிதவல்லி. அதற்கு நிறைமாதம். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சாவகாசன் உடனே கிளம்பியது. விழாக் கமிட்டி பக்கத்துப் பாறையில்தான். மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டது.

"சதுரங்கமா? அது விளையாட்டே இல்லையேப்பா," என்றது கமிட்டித் தலைவர் யானை. "உட்கார்ந்தே இருக்கீங்க."

"முதலை அண்ணன் வாயைத் திறந்துகிட்டுப் படுத்துக் கிடக்கிறதைப் போன வருஷம் சேர்த்தீங்களே ஐயா?"

"அவர் ஆத்துல இருக்கிறவர்," என்றது செயலாளர் நரி அவசரமாக. "நாமெல்லாம் தண்ணி குடிக்க வேணாமா?"

யானை கனைத்தது. "விதி ஒண்ணுதான். வேர்க்கணும். வேர்த்தாத்தான் விளையாட்டு."

யானைக்கே வேர்க்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யானையிடம் சொன்னவர்கள் யாரும் இப்போது உயிரோடில்லை.

"காட்சிப் போட்டியா வேணா ஆடு," என்றது நரி. "மெடல் கிடையாது. கைதட்டல் உண்டு."

"கைதட்டலுக்குள்ள குட்டி போட முடியாதே ஐயா!"

யானைக்கு மனசு இளகியது. "சரி, ஆடிக் காட்டு. வேர்த்தா அங்கேயே தங்கம். வேர்க்கலேன்னா இந்தப் பேச்சே இனி இருக்கக் கூடாது."

வேர்வையைச் சோதிக்க ஓர் ஈயை நியமித்தார்கள். நக்கிப் பார்த்து, உப்பு இருக்கிறதா என்று அது சொல்ல வேண்டும்.

நாவல் மரத்தடியில் ஆட்டம். எதிராளி முள்ளம்பன்றி. மொத்தக் காடும் கூடியிருந்தது. பலகைக்கு நேர் மேலே, மேல்கிளையில், ஒரு கருங்குரங்கு விடியும் முன்பே வந்து இடம் பிடித்திருந்தது. எழுந்தால் போச்சு, அடுத்த குரங்கு உட்கார்ந்துவிடும்.

சாவகாசனுக்கு நினைப்பெல்லாம் பொந்தின்மேல். ராணியைக் கோட்டைவிட்டது.

"செக்மேட்," என்றது முள்ளம்பன்றி. அப்படியென்றால் என்னவென்று கமிட்டியில் யாருக்கும் தெரியவில்லை.

"பொறு, யோசிக்கிறேன்," என்றது சாவகாசன்.

யோசித்தது. வெயில் ஏறியது, இறங்கியது. ஈ நக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "காஞ்சு கிடக்கு தலைவரே."

மேலே குரங்கு நெளிந்தது. "டேய், நகர்த்தித் தொலைடா! முட்டுதுடா!"

சாவகாசன் நகர்த்தவில்லை. குரங்கு அடக்கிப் பார்த்தது. முடியவில்லை.

தேவாங்கு தலையிலிருந்து வால் இருக்க வேண்டிய இடம்வரை சொட்டச் சொட்ட நனைந்தது. ஈ பாய்ந்து போய் நக்கியது. "தலைவரே! உப்பு! உப்போ உப்பு!"

"இதுவல்லவா விளையாட்டு!" என்று பிளிறியது யானை. "கொண்டா தங்கத்தை!"

சாவகாசன் அண்ணாந்து பார்த்தது. பிறகு கூட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற துரிதவல்லியைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது. வாழ்நாளிலேயே அது வேகமாக எடுத்த முடிவு அதுதான்.

"அநியாயம்!" என்று முள்ளம்பன்றி சிலிர்த்தது. "செக்மேட் ஆகி எவ்வளவோ நேரம் ஆச்சுங்க! ஜெயிச்சது நான்!"

"உனக்கு வேர்த்துதா?" என்றது நரி.

"இல்ல..."

"அப்ப நீ ஆடவே இல்லையேப்பா."

அன்று சாயங்காலமே பொந்து கிடைத்தது. வாசலிலேயே துரிதவல்லி மூக்கைப் பொத்தியது. "என்னங்க இது நாத்தம்?"

"விளையாட்டு வீரனோட வேர்வைடி."

"அப்ப வீரன் வெளிக்கொப்புலயே படுங்க."

சதுரங்கம் இப்போது விழாவில் நிரந்தரமாக இருக்கிறது. முள்ளம்பன்றி அடுத்த போட்டிக்கு இப்போதே தயாராகிறது. பலகையைத் தொடுவதே இல்லை. கருங்குரங்குக்குத் தினமும் இளநீர் வாங்கிக் கொடுக்கிறது.

நீதி: உழைப்பும் திறமையும் உங்கள் கையில் இருக்கின்றன. வெற்றி மேல்கிளையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே இடம் பிடியுங்கள்.