நாகநாதன் வயல் மண்ணும் என் வலது காலும்

செம்பியன்மேடு,
வேதாரண்யம் வழி.

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அப்பா மரியஅந்தோணி ஆசீரோடு எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் இங்கு நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் நலம். என் வலது கால் மட்டும் மாவுக்கட்டில் இருக்கிறது. அங்கு நீயும், மாப்பிள்ளையும், உன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சீவன்களும் நலமென நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்கிறாய். கூட்டுறவுச் சங்கத்தில் ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவனுக்கு, எழுதினால்தான் விஷயம் வரிசையாக வரும். குறுக்கே பேசாமல் படி.

நாகநாதன் மாமா வயலிலிருந்து இன்னும் கொஞ்சம் மண் அனுப்புங்கப்பா, அவசரம் என்று சாதாரணமாகச் செய்தி போட்டுவிட்டாய். முதல் தடவை அனுப்பிய மண்ணுக்கு இங்கே நாங்கள் என்ன பாடுபட்டோம் என்பது உனக்குத் தெரியாது. கடல் தண்ணீர் புகுந்து உப்பேறிய வயலிலும் சில இடத்தில் நெல் தாக்குப்பிடிக்கிறதே, வேரடியில் வாழும் நுண்ணுயிர்கள்தான் காரணமா, அவற்றின் மரபணுவைப் படித்துப் பார்க்கிறோம் என்று சொல்லி, பக்கத்து வயல்களில் எல்லாம் மண் எடுக்கச் சொன்னாய். நல்ல காரியம், இந்தக் கடைமடைக்கு உதவும் என்று நானும் இறங்கினேன். வெயில் ஏறுமுன் எடுக்கச் சொன்னாய், கருக்கலிலேயே போனேன். கை படக்கூடாது என்றாய், உறை மாட்டினேன். கரண்டியை ஸ்பிரிட்டில் துடைத்து நெருப்பில் காட்டச் சொன்னாய், வரப்பில் உட்கார்ந்து காட்டினேன். பையின் மேல் வயல்காரர் பெயரை எழுதச் சொன்னாய், கொட்டை எழுத்தில் எழுதினேன். அன்றைக்கு அமாவாசை என்பதை மட்டும் நீயும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

மடையைத் திறக்க வந்த நாகநாதன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். ஒருவன் மண்ணை அவன் பேர் எழுதி எடுத்துப் போனால் அது செய்வினைக்குத்தான் என்பது இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதிலும் காலடி மண் கிடைத்துவிட்டால் ஆளையே படுக்கவைத்துவிடலாம் என்பார்கள். என்னடா பண்ணுறே என்று கேட்டான். அவனுக்குப் புரிகிற மாதிரி விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

"உன் மண்ணுல கண்ணுக்குத் தெரியாம கோடிக்கணக்குல இருக்குதுங்கடா. அதுங்களைப் பிடிச்சுப் பெங்களூருக்கு அனுப்புறேன். எது எது என்ன செய்யும்னு ரோஸ்லின் பாத்துச் சொல்லுவா" என்றேன்.

அவன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். மடையைக்கூடத் திறக்கவில்லை. அந்த வாரமே அவன் மோட்டார் புகைந்தது. அடுத்து சினை மாடு குறைமாதத்திலேயே கன்றை வீசியது. அது ஆறுவதற்குள் அவன் சம்சாரம் எல்லையம்மாளுக்கு முதுகில் அக்கி வந்து, காவி எழுதிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டது. ஒவ்வொன்றும் என் கணக்கில் ஏறியது. டீக்கடையில் என்னைக் கண்டால் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனான். பேசித் தீர்த்துவிடலாம் என்று வீட்டுக்கே போனேன். வாசலில் அவன் செருப்பு கிடக்க, உள்ளேயிருந்து எல்லையம்மாள், அவங்க இல்லண்ணே என்றது. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டிலும் பொங்கலுக்கு அவன் வீட்டிலும் ஒரே இலையில் கைவைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். சூனியக்காரன் என்று ஊர் சொல்வதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் ரோஸ்லின், அவன் அப்படி நினைத்துவிட்டானே என்பதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது.

எல்லா வயல் மண்ணும் ஐஸ் பெட்டியில் சேர்ந்து, பார்சல் அனுப்புகிற அன்று நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவன் நம் வீட்டுக்கு வந்திருக்கிறான். பெட்டி இருந்த கொல்லைப்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனானாம். உன் அம்மா சொன்னதும், கோபம் ஆறிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிம்மதியாக அனுப்பிவிட்டு வந்தேன்.

அதற்கு மறு வாரம்தான் நான் வரப்பில் வழுக்கி விழுந்தேன். முந்தின நாள் பெய்த மழையில் வரப்பு சொதசொதவென்று கிடந்தது, கால் மடங்கி எலும்பு முறிந்துவிட்டது. சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன் யார் என்கிறாய்? நாகநாதன். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரை ஓடினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்ததைவிட அவனைத்தான் அதிகம் பார்த்தார், அப்படி நடுங்கிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்துவிடுகிறான். வலி கொறஞ்சிருக்கா என்று மட்டும் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். தன் வயலுக்கு முன்னால் நம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். போன வாரம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய், வெள்ளியில் கால் உருவம் வாங்கி எனக்காக மாதாவுக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். நான்கூட எனக்காக இப்படி வேண்டிக்கொண்டதில்லை. சூனியம் வைத்தவன் என்று நம்புகிற ஒருவனுக்கு இவ்வளவும் செய்ய எத்தனை பெரிய மனசு வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் பேசிப் பேசி மாய்ந்துபோனோம்.

இந்த நேரத்தில்தான் உன் செய்தி வந்தது. அனுப்பிய மண்ணிலேயே நாகநாதன் மாமா மண்ணில் மட்டும்தான் உப்பைத் தாங்கும் ஒரு அபூர்வ நுண்ணுயிர் இருக்கிறது, இதுவரை இந்தப் பக்க வயல்களில் பார்த்ததே இல்லை, கட்டுரை எழுதப்போகிறோம் என்று போட்டிருந்தாய். அவனிடம் படித்துக் காட்டினேன். துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால் முகம் வெளுத்துவிட்டது. அந்த மண்ணப் பத்தி மட்டும் பேசாதடா என்றான். எவ்வளவு அடக்கம் பார்! விடாமல் கெஞ்சினேன். இன்று காலையில்தான் அரைமனதாகத் தலையாட்டினான். நாளை மண் வந்துவிடும். அப்பாவாக உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த நுண்ணுயிருக்கு நீங்கள் வைக்கப்போகும் பெயரில் நாகநாதன் பெயரும் இருக்க வேண்டும். அவன் மனசு போலவே அவன் மண்ணும் என்று உலகத்துக்குத் தெரியட்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஞாயிறு பூசைக்குத் தவறாதே, வேளைக்குச் சாப்பிடு. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. மரியஅந்தோணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் நாகநாதன் வந்தான். பெயர் வைக்கச் சொல்லி எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

"அது என் மண்ணு இல்லடா அந்தோணி. அன்னிக்கு உன் கொல்லையில உக்காந்து, என் பேர் போட்ட பையக் கொட்டிட்டு, நீ கால் கழுவுற கல்லுக்கிட்ட இருந்து உன் காலடி மண்ண அள்ளி வச்சேன். எனக்கு வச்சது உனக்கே திரும்பட்டும்னுதான் செஞ்சேன். மறு வாரமே நீ விழுந்துட்ட. நான்தான்டா உன் கால ஒடச்சேன்."

ஆகையால் நான் மேலே கேட்டதை மறந்துவிடு, நீ அங்கே எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையையும் உடனே நிறுத்து. அந்தக் கல்லடியில்தான் உன் அம்மா இத்தனை வருஷமாகக் கருவாடு கழுவிக் கொட்டுகிறாள். உப்பைத் தாங்கும் உன் அபூர்வ உயிர் அங்கே இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

வரப்பு வழுக்கித்தான் விழுந்தேன் என்று அவனிடம் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. உங்கள் நிலையத்தின் முத்திரை குத்தி, காலடி மண்ணால் யாருக்கும் கால் உடையாது என்று அவன் பெயருக்கு நீ ஒரு கடிதம் எழுது, நம்புவான். ஆனால் இப்போது அனுப்பாதே, என் மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அனுப்பினால் போதும். அதுவரைக்குமாவது அவன் தினமும் வந்துகொண்டிருக்கட்டும்.