தரைதான் மேலே வந்ததாம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் மகளும் நானும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு இத்துடன் போதும். விஷயம் பூமியைப் பற்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இளைய மாப்பிள்ளை, அதாவது என் சகலை, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து ஒரு கண்ணாடி டம்ளரைக் கை தவறிப் போட்டு உடைத்தார். உடைத்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டாமா? "டம்ளர் விழவே இல்லக்கா. பூமி தட்டை. வேகத்தக் கூட்டிக்கிட்டே மேல போகுது. தரைதான் வந்து இடிச்சிருக்கு, நான் என்ன பண்ண?" என்றார். உங்கள் மகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், மாமா. சிரித்துக்கொண்டே கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினாள். போன மாதம் நான் ஒரு கோப்பையை உடைத்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் பேச்சுக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருக்கும் எனக்கு மேலே போவதைப் பற்றித் தெரியாதா என்று, இருவரையும் எங்கள் கட்டட லிஃப்டுக்கு இழுத்துப்போய், எடை மெஷின் மேல் அவரை நிறுத்தி, "பூமி இழுக்கிறதுதான் எடை, அது மாறாது, முள்ளப் பாருங்க" என்று பொத்தானை அமுக்கினேன். லிஃப்ட் கிளம்பியதும் முள் ஏறித் தொலைத்தது. "பாத்தீங்களா அண்ணே, இழுக்க ஆளே வேண்டாம், கீழேருந்து தள்ளினாலே எடை வந்துருது!" என்றார். உங்கள் மகள் கை தட்டினாள். "கிளம்பறப்பதான் கூடும், ஒரே வேகத்துல போனா முள் பழைய இடத்துக்கே வந்துரும்" என்றேன். "பூமி ஒரே வேகத்துல போகலையே, கூட்டிக்கிட்டேல்ல போகுது" என்றார். மூடிய அறைக்குள் பூமி இழுப்பதும் தரை தள்ளுவதும் ஒன்று போலத்தான் தெரியும் என்று அப்புறம் படித்தேன். முதலிலேயே படித்திருக்கலாம்.

மறுநாள் சரியான பதில் கிடைத்தது. நுட்பமான சுருள்வில் தராசில் ஒரே கல் மலையடிவாரத்தைவிட உச்சியில் ஒரு துளி குறைவாக நிற்கும். தட்டைப் பூமி மொத்தமும் ஒன்றாக மேலே போனால் எங்கும் ஒரே எடைதானே இருக்க வேண்டும்? இழுப்பு என்றால்தான் தூரம் போகப் போகக் குறையும். போனில் சொன்னேன், "அப்புறம் பேசறேன் அண்ணே" என்று மனிதர் வைத்துவிட்டார். ஆகவே பெரியவராகிய நீங்கள் பூமி உருண்டைதான் என்று உங்கள் மகள் காதில் விழும்படி தீர்ப்புச் சொல்ல வேண்டும். "மூத்தவர் சொன்னதே சரி" என்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

அத்தைக்கு என் வணக்கம். சகலைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உங்கள் ஆசியில் பெரிய பங்கை எதிர்பார்க்கும்,
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் மகள் வந்தாள். சகலை உருண்டைக்கு மாறிவிட்டாராம். "தப்புன்னு தெரிஞ்சதும் ஒத்துக்கிட்டாரு பாருங்க, என்ன ஒரு மனசு!" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். பூமி தட்டைதான். போன மாதம் கோப்பையை நான் போடவில்லை, தரைதான் வந்து இடித்தது. இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.