யாவன்னாவில் தொடங்கும் பிள்ளை

நீர்வேலி தெற்கு,
நீர்வேலி.

கவிதைப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், முக்கியமாகத் தங்கள் பொறுமையும், நலமாயிருக்க நீர்வேலியிலிருந்து வேண்டிக்கொள்கிறேன். சென்ற மாதம் ‘பல் முளைத்த பைங்கிளி’ என்ற கவிதையை அனுப்பிய சுபாஜினி நான்தான். தங்களுக்கு ஞாபகம் வராவிட்டால் அது என் அதிர்ஷ்டம்.

அந்தக் கவிதைக்குத் தாங்கள் அனுப்பிய பதில் இது: “கல்வெட்டு வாடை அடிக்கிறது. யாப்பைக் கொஞ்சம் படியுங்கள், வாய்விட்டு வாசியுங்கள், கண்டதை எழுதுங்கள்.” எட்டு மாதப் பிள்ளையைப் பற்றிய பாட்டில் செத்தவீட்டு வாடை என்றால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது. எனக்கும் வந்தது. பிறகு கவிதையை எடுத்து வாசித்தேன்.

முத்துப்பல் காட்டி முறுவலித்த செல்வமே
எத்திசை நோக்கித் தவழ்ந்தாயோ
எங்களைத் தவிக்கவிட்டு ஏகினாயோ

ஐயா, பிள்ளை ஏகியது பால் வைக்கிற பிறிட்ஜுக்குப் பின்னால். அதற்கு இந்த ஒப்பாரி. யோசித்துப் பார்த்தால், கம்பஸில் நான் படித்தது கணக்கியல். எங்கள் வீட்டில் இருக்கிற கவிதைப் புத்தகம் என்றால், செத்தவரைப் பாடி அச்சடித்து, முப்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டோடு கையில் தந்துவிடுகிற கல்வெட்டுகள் மட்டுந்தான். மாமி, அதாவது என் கணவரின் தாயார் செல்வநாயகி, அவற்றை அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறா. எனக்குத் தெரிந்த கவிதையெல்லாம் யாரோ செத்த பிறகு எழுதியது.

ஆனால் விடமுடியாது. மகள் யாதவிக்கு முதற்பல் வந்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிற நாளில், சொந்தக்காரர் முன்னால் என் பாட்டை வாசிக்கிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். ஒருவரும் மூக்கைச் சிந்தாமல் அது முடியவேண்டும், அவ்வளவுதான் என் இலக்கிய இலட்சியம்.

எனவே யாப்புப் படித்தேன். பிள்ளைக்குக் கஞ்சி தீத்திக்கொண்டே, தாங்கள் சொன்னபடி வாய்விட்டு, “தேமா, புளிமா, கருவிளம், கூவிளம், தேமாங்காய், புளிமாங்காய்” என்று தாளம் போட்டுப் பழகினேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற மாமி செருப்பைப் போட்டுக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போய்க் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் நாலும், வாய் கூசுகிற பச்சை மாங்காயில் நாலும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தா.

“எத்தினை மாசம்?” என்றா.

நான் முழித்தேன்.

“மாங்காய் மாங்காய் எண்டு நாள் முழுக்க அனுங்கிறாய். பிறகு கரு எண்டுறாய். எனக்கு விளங்காதே? மூத்தவளுக்கு இப்பத்தான் பல்லு வருது, உங்களுக்கு ஒரு அவசரம்.”

வாழைத்தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த என் கணவர் கோகுலனுக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது, சேற்றுக் காலோடு வந்து நின்றார். “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையேயப்பா.”

“இது யாப்பு” என்றேன்.

“ஓம், ஆப்புத்தான்” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. யாப்பைத் தேடிப் போனில் போன இடத்தில் நச்செழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டது. தங்களுக்குத் தெரிந்திருக்கும். யா, யோ, ரா, ரோ, லா, லோ ஆகிய எழுத்துகளில் பாட்டைத் தொடங்கினால் பாடப்பட்டவருக்குக் கேடாம். நான் பல்லுக்கொழுக்கட்டைக்கு எழுதி வைத்திருந்த புதுப்பாட்டு எப்படித் தொடங்குகிறது? “யாதவி.” அதை நான் பிள்ளையின் காதுக்குள்ளேயே பாடியுமிருந்தேன், தங்களுடைய வாய்விட்டு வாசிக்கும் ஆலோசனையின் பேரில். அன்று பின்னேரமே பிள்ளைக்கு மேல் சுட்டது, காய்ச்சல்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். அழுதழுது மாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “மாமி, நான் பிள்ளைக்கு அறம் பாடிப்போட்டன்.”

மாமி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பல்லு வந்தா மேல் சுடும். உன்ரை பாட்டுக்கு ஒரு நுளம்பும் சாகாது, பிள்ளை, பயப்பிடாதை” என்றா.

“யாழ்ப்பாணமே யாவன்னாவிலைதானே துவங்குது” என்றார் இவர். “நாங்கள் இருக்கிறம்தானே.”

ஒரு புலவருக்கு இதைவிட அவமானமான ஆறுதல் கிடையாது. என்றாலும் அன்று நிம்மதியாக நித்திரை கொண்டேன். காலையில் பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லை. ஆனாலும் யா என்று தொடங்க இன்னும் பயம். பிள்ளையின் பெயரையே எடுத்துவிட்டு, கண்டதை மட்டும் நாலு வரி எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் நாலு வரியின் முடிவிலும் ஓ, ஓ, ஓ, ஓ. அலுமாரிக் கல்வெட்டுகள் என்னை விடுவதாக இல்லை.

நாளும் வந்தது. பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்குமேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டினோம். முன்னால் பேனா, புத்தகம், கத்தரிக்கோல், காப்பு என்று பரப்பி, எதை எடுக்கிறாள் என்று எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, யாதவி ஒன்றையும் திரும்பிப் பாராமல் என் கையிலிருந்த பாட்டைப் பறித்து, வலது ஓரத்தை வாயில் வைத்து, புதுப்பல்லால் மேலிருந்து கீழாகக் கடித்துக்கொண்டு போனாள். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். மிஞ்சியதைத்தான் வாசித்தேன்:

வாயில் இரண்டு அரிசி முளைத்தது
அதில் ஒன்று என் விரலைக் கடித்தது
எனக்குக் கண் கலங்கியது
நீ சிரித்தாய்

முளைத்ததுவோ, கடித்ததுவோ, கலங்கியதுவோ, சிரித்தாயோ: ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்துப் பிள்ளையின் வயிற்றுக்குள். நாலாம் வரியில் ‘ய்’ மட்டும் நான் ஒட்டியது. ஒருவரும் மூக்கைச் சிந்தவில்லை. பக்கத்து வீட்டுப் பிரதீபா சிரித்தே விட்டாள். மாமி மட்டும், “இது பாட்டே? வீட்டிலை நடந்ததெல்லே” என்றா. அன்றிலிருந்து மாமியின் அந்தச் சொல்லை எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நாலு வரியை இத்துடன் அனுப்புகிறேன். இனி ஓ போட்டுப் பாட்டு எழுதமாட்டேன் என்று தங்களுக்கு உறுதி கூறுகிறேன். தங்கள் வீட்டில் பல் முளைக்கிறவர்களுக்கும் விழுகிறவர்களுக்கும் என் அன்பு.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கோகுலன் சுபாஜினி

பி.கு: முதல் அனுப்பிய ‘பல் முளைத்த பைங்கிளி’யைத் தயவுசெய்து உடனே திருப்பி அனுப்புங்கள். கரவெட்டியில் மாமியின் ஒன்றுவிட்ட தமக்கை காலமாகிவிட்டா. கல்வெட்டுக்குப் பாட்டு வேண்டுமாம், மாமி என்னைக் கை காட்டிவிட்டா. தவிக்கவிட்டு ஏகினாயோ அப்படியே பொருந்தும், பல்லை மட்டும் எடுத்தால் போதும், அவவுக்கும் பல் இல்லை. பெயர் யோகாம்பிகை. யோவன்னாவும் நச்செழுத்துத்தான், ஆனால் இனிப் பயமில்லை.